கிரிப்டோஸ்போரிடியம்

கிரிப்டோஸ்போரிடியம் என்பது மனிதர், கால்நடைகள், பறவைகள் முதலிய முதுகெலும்பிகளின் செரிமானப் பாதையில் வாழும் ஓரணு ஒட்டுண்ணிப் பேரினம் ஆகும். மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம், பூனைகள் வழியே பரவும் டாக்சோபிளாஸ்மா ஆகியவை அடங்கிய அபிகாம்ப்ளெக்சா தொகுதியைச் சேர்ந்தது இது. மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்குபவற்றுள் இரண்டு இனங்கள் முதன்மையானவை. கிரிப்டோஸ்போரிடியம் ஹோமினிஸ் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது. கிரிப்டோஸ்போரிடியம் பார்வம் மனிதரிடமிருந்தும் கன்றுக்குட்டிகளிடமிருந்தும் பரவுகிறது.

இவ்வொட்டுண்ணி தரும் நோய் கிரிப்டோஸ்போரிடியோசிஸ் எனப்படுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு ஓரிரு வாரங்களில் தானாகவே நீங்கிவிடும் இந்நோய், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கும் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியது. மற்ற வயிற்றுப்போக்குக் கிருமிகளிலிருந்து இது வேறுபடும் இடங்கள் இரண்டு. குடிநீரில் வழக்கமாகக் கலக்கப்படும் அளவு குளோரின் இதனைக் கொல்வதில்லை. பிற ஒட்டுண்ணிகளுக்குத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை இதனிடம் பயனளிப்பதில்லை. இவ்விரண்டுக்கும் காரணம் இதன் உயிரணு அமைப்பிலும் புரதங்களிலும் இருக்கிறது.

பெயரும் கண்டறிதலும்

அமெரிக்க ஆய்வாளர் எர்னஸ்ட் எட்வர்டு டைசர் 1907 இல் சுண்டெலியின் இரைப்பைச் சுரப்பிகளில் இதனை முதன்முதலில் விவரித்தார். 1912 இல் சிறுகுடலில் வாழும் சிறிய இனம் ஒன்றையும் விவரித்து அதற்குப் பார்வம் எனப் பெயரிட்டார். இலத்தீனில் பார்வம் என்றால் சிறியது. கிரேக்கத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்பதற்கு மறைந்த வித்து என்று பொருள். இதன் உறவினங்களில் வெளியுறைக்குள் சிற்றுறைகளும், அவற்றுக்குள் தொற்றும் உயிரணுக்களும் இருக்கும். இதில் அந்த இடைச் சிற்றுறை இல்லை.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இது கால்நடை மருத்துவர்களின் பொருளாகவே இருந்தது. 1976 இல்தான் மனிதரில் முதல் நோயாளிகள் அறியப்பட்டனர். 1980களில் எய்ட்சு நோயாளிகளுக்கு ஏற்பட்ட நிற்காத வயிற்றுப்போக்கில் இது மீண்டும் மீண்டும் காணப்பட்டபோது உலகின் கவனம் திரும்பியது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மின்னி மாத்தனும் உடன் ஆய்வாளர்களும் தென்னிந்தியக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் இவ்வொட்டுண்ணியைக் குறித்து 1985 இல் லான்செட் இதழில் எழுதினர். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டது அடுத்த ஆண்டில், 1986 இல் ஆகும். அதன்பின் சென்னையிலும் வேலூரிலும் எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிய ஆய்வுகளில் இவ்வொட்டுண்ணி இடம்பெற்றது.

1993 இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியே ஏறத்தாழ 4,03,000 பேர் நோயுற்றனர் என மதிப்பிடப்பட்டது. அந்நீர் வடிகட்டப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டு, அந்நாளைய தர அளவுகளுக்குள் இருந்த நீர் என்பது குறிப்பிடத்தக்கது. மனித இனமான ஹோமினிஸ் தனி இனமாகப் பெயரிடப்பட்டது 2002 இல். இவ்விரு இனங்களின் மரபணுத்தொகுதிகளும் 2004 இல் வெளியிடப்பட்டன.

வாழ்க்கைச் சுழற்சி

நோயாளியின் மலத்தில் வெளியேறும் நிலை ஊசிஸ்ட் எனப்படுகிறது. இது கெட்டியான உறை பொதிந்த உருண்டை. குறுக்களவு 4 முதல் 6 மைக்ரோமீட்டர். மனிதச் செங்குருதி அணுவை விடச் சற்றே சிறியது. உள்ளே வாழைப்பழ வடிவில் நான்கு ஸ்போரோசோயிட்டுகள் மடங்கிக் கிடக்கும். ஊசிஸ்ட் விழுங்கப்பட்டதும் உடல் வெப்பம், பித்த உப்புகள், செரிமான நொதிகள் ஆகியவற்றின் தூண்டுதலால் உறையில் உள்ள தையல் போன்ற ஒரு கோடு பிளந்துகொள்கிறது. வெளிவரும் ஸ்போரோசோயிட்டுகள் சிறுகுடலின் உட்சுவர் உயிரணுக்களைப் பற்றிக்கொள்கின்றன.

அங்கே ஒவ்வொன்றும் வளர்ந்து பிரிந்து புதிய உயிரணுக்களைத் தருகிறது. அவை பக்கத்து உயிரணுக்களைத் தாக்குகின்றன. இப்பாலிலாப் பெருக்கம் மும்முறை நிகழ்ந்தபின் ஆண், பெண் நிலைகள் தோன்றுகின்றன என்று 2022 இல் காட்டப்பட்டது. அவற்றின் சேர்க்கையால் புதிய ஊசிஸ்ட்டுகள் உருவாகின்றன. இவையனைத்தும் ஒரே உயிரின் குடலுக்குள் சில நாட்களில் முடிந்துவிடும். மலேரியாவுக்குக் கொசு தேவைப்படுவது போல இதற்கு இடைநிலை உயிர் எதுவும் தேவையில்லை.

இங்கே ஒரு சிறு செய்தி பெரும் விளைவு உடையது. உறவினங்கள் பலவற்றின் ஊசிஸ்ட்டுகள் மண்ணிலோ நீரிலோ சில நாட்கள் முதிர்ந்த பின்னரே தொற்றும் தன்மை பெறும். கிரிப்டோஸ்போரிடியத்தின் ஊசிஸ்ட் குடலுக்குள்ளேயே முதிர்ந்து, வெளிவரும் கணத்திலேயே தொற்றத் தயாராக இருக்கிறது. குழந்தையின் துணியை மாற்றிய கை சோற்றைத் தொடும் சிறு இடைவெளி போதும். 1995 இல் வெளியான, தன்னார்வலர்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்றில் பாதிப்பேருக்குத் தொற்று ஏற்படத் தேவையான அளவு 132 ஊசிஸ்ட்டுகள் எனக் கணக்கிடப்பட்டது. நோயாளி ஒருவரோ கோடிக்கணக்கில் வெளியேற்றுகிறார்.

ஊசிஸ்ட்டின் உறை

மின்னணு நுண்ணோக்கியில் இவ்வுறை பல அடுக்குகளாகத் தெரிகிறது. புறத்தே சர்க்கரைப் பொருள் மிகுந்த மெல்லிய பூச்சு உள்ளது. அதன்கீழ் கொழுமியங்கள் நிறைந்த அடுக்கு. அதற்கும் கீழே, உறைக்கு விறைப்புத் தரும் புரத அடுக்கு. மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 50 நானோமீட்டர்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு.

உள் அடுக்கின் முதன்மைக் கூறுகள் ஊசிஸ்ட் உறைப் புரதங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. மரபணுத்தொகுதி வெளியான பின் இக்குடும்பத்தில் ஒன்பது புரதங்கள் உள்ளமை தெரியவந்தது. இவற்றின் அமினோ அமிலச் சங்கிலியில் சிஸ்டீன் ஏறத்தாழ ஒழுங்கான இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. சிஸ்டீனில் கந்தக அணு ஒன்று உண்டு. இரு சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று இணையும்போது டைசல்ஃபைடு பிணைப்பு உண்டாகிறது. நம் தலைமுடிக்கும் நகத்திற்கும் உறுதி தருவதும் இதே பிணைப்புத்தான். சங்கிலிக்குள்ளும் சங்கிலிகளுக்கு இடையிலும் இப்பிணைப்புகள் விழுந்து, உறை பின்னிய வலைபோல் இறுகுகிறது என்று கருதப்படுகிறது. இப்புரதங்களை ஒட்டுண்ணியின் பெண் நிலையே முன்கூட்டி உருவாக்கிச் சிறு பைகளில் சேமித்து வைக்கிறது. கருவுற்றதும் அவை வெளிவிடப்பட்டு உறை கட்டப்படுகிறது.

நடுவிலுள்ள கொழுமிய அடுக்கிற்கும் தனிச்சிறப்பு உண்டு. காசநோய்க் கிருமியைப் போலவே இந்த ஊசிஸ்ட்டும் சிவப்புச் சாயத்தைப் பற்றிக்கொண்டபின் அமிலத்தால் கழுவினாலும் விடுவதில்லை. கொழுப்புப் பொருள்களே இத்தன்மைக்குக் காரணம். ஆய்வுக்கூடத்தில் இதனைக் கண்டறிவதற்கான எளிய வழி இதிலிருந்தே பிறந்தது.

ஸ்போரோசோயிட்டின் நுனி

ஸ்போரோசோயிட் ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் நீளமும் 1 மைக்ரோமீட்டர் அகலமும் உடையது. ஒரு முனை கூரியது. அம்முனையில்தான் தொகுதியின் பெயருக்குக் காரணமான உச்சிக் கூட்டமைப்பு அமைந்துள்ளது. இலத்தீனில் அபெக்சு என்றால் உச்சி. இதில் மூவகைச் சுரப்புப் பைகள் உள்ளன: நுண்ணிழைப் பைகள், அடர்மணிகள், ரோப்ட்ரி எனப்படும் குடுவை வடிவப் பை. டாக்சோபிளாஸ்மாவில் ரோப்ட்ரிகள் பல. இதில் ஒன்றே ஒன்று.

இதற்குக் கசையிழையோ குறுயிழையோ இல்லை. ஆயினும் பரப்புகளின் மேல் வழுக்கிச் செல்கிறது. நுண்ணிழைப் பைகளிலிருந்து வெளிவரும் டிராப்-சி1 போன்ற ஒட்டும் புரதங்கள் ஒரு முனையால் வெளிப்பரப்பைப் பற்றுகின்றன. மறுமுனை உயிரணுவுக்குள் ஆக்டின், மயோசின் ஆகிய இயக்கப் புரதங்களுடன் இணைகிறது. இயக்கப் புரதங்கள் இப்பிடியைப் பின்னோக்கி இழுக்க, உடல் முன்னோக்கி நகர்கிறது. ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தபடி பரிசலை முன்னே செலுத்துவதை ஒத்தது இது.

பற்றிக்கொள்வதில் சர்க்கரை ஏற்றப்பட்ட புரதங்களுக்கும் பெரும் பங்குண்டு. ஜிபி900 குடலின் சளிப் புரதங்களைப் போன்ற மிகப்பெரிய மூலக்கூறு. ஜிபி60 முதலில் ஒரே சங்கிலியாக உருவாகிப் பின்னர் ஜிபி40, ஜிபி15 என இரண்டாக வெட்டப்படுகிறது. இரண்டும் ஸ்போரோசோயிட்டின் மேற்பரப்பில் சேர்ந்தே இருந்து குடல் உயிரணுவைப் பற்ற உதவுகின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் காணும் முகமும் இதுவே. அதனால்தானோ என்னவோ, இம்மரபணு வகைக்கு வகை மிகுதியாக மாறுபடுகிறது. செரீன் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூவெழுத்துக் குறிகள் இம்மரபணுவின் ஒரு பகுதியில் எத்தனை முறை வருகின்றன என்பதை எண்ணி ஒட்டுண்ணியின் உள்வகை குறிக்கப்படுகிறது. ஒரு தெருவில் நோயுற்ற இரு குழந்தைகளுக்குத் தொற்று ஒரே மூலத்திலிருந்து வந்ததா என்று பார்க்க இந்த எண்ணிக்கை பயன்படுகிறது.

குடல் உயிரணுவின் மேல் ஒரு குடியிருப்பு

மலேரியா ஒட்டுண்ணி குருதி அணுவின் உள்ளே சென்றுவிடும். சியார்டியா குடற்சுவரின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டது. குடல் உயிரணுவின் மேற்சவ்வு எழும்பி ஒட்டுண்ணியைச் சுற்றி மூடிக்கொள்கிறது. ஆகவே அது உயிரணுவுக்குள் இருக்கிறது; ஆனால் உயிரணுவின் உட்சாற்றில் இல்லை. வீட்டு மொட்டைமாடியில், வீட்டின் சுவர்களையே உயர்த்திக் கட்டிக்கொண்ட அறை போன்றது இவ்வமைப்பு.

இவ்வறையைக் கட்டுவது குடல் உயிரணுவின் சொந்த ஆக்டின் இழைகளே. ஒட்டுண்ணி அவற்றைத் தன் அடியில் குவிக்கச் செய்து, கெட்டியான ஒரு தட்டை உருவாக்கிக்கொள்கிறது. இதற்கான கட்டளைகள் புரதங்களாகச் செலுத்தப்படுகின்றன. ரோப்ட்ரியிலிருந்து செலுத்தப்படும் ரோப்1 என்னும் புரதம் குடல் உயிரணுவின் எலும்புச்சட்டகத்தோடு தொடர்புடைய புரதமொன்றைப் பற்றுவது 2021 இல் காட்டப்பட்டது. நுழைந்தபின் உயிரணுவின் உட்பகுதிக்கு அனுப்பப்படும் மெடில்2 என்னும் புரதமும் அதே ஆண்டில் விவரிக்கப்பட்டது.

அறையின் தரைப்பகுதியில், ஒட்டுண்ணியும் உயிரணுவும் தொடும் இடத்தில், மடிப்பு மடிப்பான சவ்வு ஒன்று உள்ளது. இது ஊட்ட உறுப்பு எனப்படுகிறது. ஒட்டுண்ணி தன் உணவை இவ்வழியே பெறுகிறது என்று கருதப்படுகிறது. மருந்து ஆய்வாளர்களுக்கு இவ்வமைப்பு தலைவலி. குருதி வழியே வரும் மருந்து இத்தடுப்பைத் தாண்ட வேண்டும். குடல் வழியே வரும் மருந்து மேலே மூடியுள்ள சவ்வைத் தாண்ட வேண்டும்.

இழந்த உறுப்புகள்

இப்பேரினத்தின் உள்ளமைப்பில் இருப்பவற்றை விட இல்லாதவையே அதிகம் பேசப்படுகின்றன. பார்வத்தின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 91 இலட்சம் இணைகள் கொண்டது. எட்டு நிறப்புரிகளில் ஏறத்தாழ 3,900 மரபணுக்கள். ஒட்டுண்ணி வாழ்க்கைக்கு வேண்டாதவற்றையெல்லாம் கழித்துக் கட்டிய தொகுதி என இதனைக் கூறலாம்.

பிளாஸ்மோடியத்திலும் டாக்சோபிளாஸ்மாவிலும் அபிகோபிளாஸ்டு என்னும் நுண்ணுறுப்பு உண்டு. பாசியிலிருந்து வந்த இவ்வுறுப்பு பாக்டீரியாவின் புரத ஆலையை ஒத்த ஆலையைக் கொண்டிருப்பதால் டாக்சிசைக்கிளின், கிளிண்டாமைசின் போன்ற பாக்டீரியா எதிர்மருந்துகள் அவற்றிடம் வேலை செய்கின்றன. கிரிப்டோஸ்போரிடியத்தில் அபிகோபிளாஸ்டே இல்லை. மலேரியாவுக்குத் தரப்படும் அடோவகோன் இழைமணியின் சுவாசச் சங்கிலியைத் தாக்குவது. பார்வத்தில் இழைமணியின் எச்சம் மட்டுமே உண்டு. அதற்குச் சொந்த மரபணுவும் இல்லை, அடோவகோன் தாக்கும் புரதக் கூட்டும் இல்லை. பூட்டே இல்லாத கதவில் சாவி என்ன செய்யும்?

ஆற்றலுக்குச் சர்க்கரையைச் சிதைக்கும் கிளைக்கோபகுப்பையே பெரிதும் நம்பியுள்ளது. அமினோ அமிலங்களையும், மரபுப்பொருளின் அடிப்படைக் கூறுகளான பியூரின், பிரிமிடின் ஆகியவற்றையும் தானாக ஆக்கும் வழிகள் இதற்கு இல்லை. குடல் உயிரணுவிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அவ்வாறு எடுத்தவற்றை மாற்றியமைக்கும் நொதிகள் சிலவற்றைப் பரிணாமக் காலத்தில் பாக்டீரியாக்களிடமிருந்து பெற்றுள்ளது. அவற்றுள் ஒன்று ஐஎம்பி டிஹைட்ரஜனேசு. மனித நொதியிலிருந்து வேறுபட்டதாகவும் ஒட்டுண்ணிக்கு இன்றியமையாததாகவும் கருதப்பட்டதால் இதனைத் தடுக்கும் மருந்துக்காகப் பல ஆண்டுகள் உழைக்கப்பட்டது. 2019 இல் அம்மரபணுவையே நீக்கிப் பார்த்தபோது ஒட்டுண்ணி உயிரோடிருந்தது. தேவையான நியூக்ளியோட்டைடுகளை அது நேரடியாகவே உயிரணுவிடமிருந்து எடுத்துக்கொள்கிறது எனத் தெரிந்தது.

இத்தகைய சோதனை 2015 வரை இயலாத ஒன்று. ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க வழியில்லாததே காரணம். அவ்வாண்டு கிரிஸ்பர் முறையால் மரபணு மாற்றப்பட்ட ஸ்போரோசோயிட்டுகள், இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடாமலிருக்க, அறுவை செய்து சுண்டெலியின் சிறுகுடலில் நேரடியாக ஏற்றப்பட்டன. முழு வாழ்க்கைச் சுழற்சியையும் குடல் உயிரணு வளர்ப்பில் நிகழ்த்தும் முறைகள் அதன்பின் வந்தன.

நோயும் கண்டறிதலும்

தாக்கப்பட்ட உயிரணுக்கள் உதிர்வதால் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் குட்டையாகின்றன. உணவையும் நீரையும் உறிஞ்சும் பரப்பு குறைகிறது. நீர்த்த வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, குமட்டல், இலேசான காய்ச்சல் ஆகியவை அறிகுறிகள். மலத்தில் பொதுவாகக் குருதி காணப்படுவதில்லை. கொல்கத்தா உள்ளிட்ட ஏழு இடங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடையே நடந்து 2013 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், ஓராண்டு நிறையாத குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கிற்கு ரோட்டாவைரசுக்கு அடுத்த காரணமாக இது இருந்தது. அதுவரை பட்டியலின் அடியில் வைக்கப்பட்டிருந்த ஒட்டுண்ணி இது. வயிற்றுப்போக்கே இல்லாமல் தொற்று மட்டும் உள்ள குழந்தைகளிலும் எடையும் உயரமும் பின்தங்குவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

சாதாரண மலப் பரிசோதனையில் இந்த ஊசிஸ்ட் ஈஸ்ட் உயிரணுவைப் போல் தோன்றித் தப்பிவிடும். காசநோய்க்கான சளிப் பரிசோதனையில் பயன்படும் அமிலநிலைச் சாயமேற்றலைச் சிறிது மாற்றிச் செய்தால் பச்சை அல்லது நீலப் பின்னணியில் இளஞ்சிவப்பு உருண்டைகளாகத் தெரியும். சாயமும் நுண்ணோக்கியும் பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் உண்டு. ஆனால் மருத்துவர் குறிப்பிட்டுக் கேட்டால் மட்டுமே இப்பரிசோதனை வழக்கமாகச் செய்யப்படும்.

மருந்துகள்

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்துள்ள ஒரே மருந்து நைட்டசாக்சனைடு. இது 2002 இல் குழந்தைகளுக்கு ஒப்புதல் பெற்றது. பைருவேட்டை மாற்றும் நொதியொன்றின் செயலை இது தடுக்கிறது என்று கருதப்படுகிறது. சாம்பியாவில் ஊட்டக்குறையுள்ள குழந்தைகளிடம் நடந்த சோதனையில், எச்.ஐ.வி. இல்லாதவர்களில் மருந்து பெற்றோரில் 56 விழுக்காட்டினருக்கும் வெற்று மருந்து பெற்றோரில் 23 விழுக்காட்டினருக்கும் வயிற்றுப்போக்கு நின்றது. எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்குப் பயன் இல்லை. மருந்து மிகவும் தேவைப்படுவோருக்கே அது கைகொடுக்காதது இந்நோயின் கொடுமை. அவர்களைக் காப்பது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளே. நோயெதிர்ப்பு மீண்டதும் உடலே ஒட்டுண்ணியை விலக்குகிறது. தொழுநோய் மருந்தான குளோஃபசிமின் ஆய்வகத்தில் நம்பிக்கை தந்தபோதிலும், மலாவியில் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்த சோதனையில் பயன் தரவில்லை. தடுப்பூசி இல்லை. எந்த வயிற்றுப்போக்கிற்கும் போல, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து நீரிழப்பைத் தடுப்பதே முதல் மருத்துவம்.

குளோரினும் வடசென்னையின் குடிநீரும்

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் பழைய பகைவர்கள். தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இயங்கிவருகிறது. 1992 இல் சென்னையில் வெளிப்பட்ட ஓ139 என்னும் புதுவகை வாந்திபேதிக் கிருமி உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. மழை வெள்ளம் வடிந்ததும் தெருக்களில் பிளீச்சிங் பவுடர் தூவுவதும், வீடுகளுக்குக் குளோரின் மாத்திரை கொடுப்பதும் இப்பகுதி மக்கள் நன்கு அறிந்த காட்சிகள். வாந்திபேதிக் கிருமி ஊசிஸ்ட்டைப் போன்ற கெட்டியான உறை இல்லாத பாக்டீரியா. குளோரின் அதனை மிக விரைவில் கொன்றுவிடுகிறது. எனவே இம்முறை அக்கிருமிக்கு எதிராக முற்றிலும் சரியானது. கைவிடக் கூடாதது.

கிரிப்டோஸ்போரிடியத்தின் கணக்கு வேறு. கிருமிநீக்கத்தின் வலிமை, குளோரின் செறிவையும் அது நீரில் நிற்கும் நேரத்தையும் பெருக்கி அளவிடப்படுகிறது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தரும் மதிப்பின்படி, 25 பாகை வெப்பத்தில் ஆயிரத்தில் ஒன்று தவிர மற்ற ஊசிஸ்ட்டுகளைச் செயலிழக்கச் செய்ய இப்பெருக்கம் 15,300 ஆக இருக்க வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் 15,300 நிமிடங்கள். அதாவது பத்தரை நாட்களுக்கு மேல். இந்தியக் குடிநீர்த் தரம் குழாய் நீரில் எதிர்பார்க்கும் எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம். அவ்வளவில் இதே கணக்கு 76,500 நிமிடங்களாகிறது. ஐம்பத்து மூன்று நாட்கள் குடத்தில் நிற்கும் தண்ணீர் எந்த வீட்டிலும் இல்லை.

உறை வேதிப்பொருளைத் தடுப்பதுபோல் வெப்பத்தைத் தடுக்க முடியாது. நீர் கொதநிலையை அடைந்து ஒரு நிமிடம் கொதித்தால் ஊசிஸ்ட் இறந்துவிடும். புறஊதாக் கதிர் உறையினூடே சென்று மரபுப்பொருளைச் சிதைப்பதால் மிகச் சிறிய அளவிலேயே பலன் தருகிறது. 1 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட எதையும் விடாத வடிகட்டியும், எதிர்ச் சவ்வூடுபரவல் சவ்வும் அளவினாலேயே இதனைத் தடுத்துவிடும். மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010 இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் நன்னீராக்கும் ஆலை வடசென்னைக்காக அமைக்கப்பட்டது. அதன் சவ்வுகளின் துளைகள் உப்பையே தடுப்பவை. ஊசிஸ்ட் அவற்றினூடே செல்ல வழியே இல்லை.

ஆனால் ஆலையின் வாயிலில் தூய்மையாக இருக்கும் நீர் குடம் வரை அப்படியே வந்து சேர வேண்டும். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011 இல் மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை தனி நகராட்சிகளாக இருந்தவை. அங்குப் பாதாளச் சாக்கடை பழைய நகரத்தை விடத் தாமதமாகவே வந்தது. சென்னையில் குழாய் நீர் நாள் முழுதும் வருவதில்லை. நீர் நின்ற வேளையில் குழாயின் உள்ளழுத்தம் விழுகிறது. இணைப்புகளில் விரிசல் இருந்தால் சுற்றியுள்ள மண்ணின் கசிவு உள்ளே இழுக்கப்படுகிறது. வீட்டு இணைப்பில் பொருத்திய அடிகுழாயையோ மோட்டாரையோ இயக்கும்போது இவ்விழுப்பு மேலும் கூடுகிறது. பாக்டீரியா உள்ளே வந்தால் எஞ்சிய குளோரின் காவல் நிற்கும். ஊசிஸ்ட் வந்தால் குழாய்க்குள் அதற்குக் காவல் இல்லை. லாரித் தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் பீப்பாய்களுக்கும் இது பொருந்தும்.

வேலூர் ஆய்வுகள்

தண்ணீரை மட்டும் சரிசெய்தால் போதுமா என்பதற்கு விடை சென்னைக்கு மேற்கே வேலூரில் தேடப்பட்டது. ககன்தீப் காங் உள்ளிட்ட கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, வயிற்றுப்போக்கு இருந்தபோதும் இல்லாதபோதும் மலத்தைச் சோதித்தனர். 2017 இல் வெளியான தொகுப்பின்படி, மூன்று வயது நிறைவதற்குள் 97 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குக் குறைந்தது ஒருமுறை கிரிப்டோஸ்போரிடியம் தொற்றியிருந்தது. பெரும்பாலோருக்கு ஒருமுறைக்கு மேல் தொற்றியிருந்தது. காணப்பட்டவற்றுள் பெரும்பான்மை மனித இனமான ஹோமினிஸ். மாடுகளைக் காட்டிலும் மனிதரே மூலம் என்பது இதன் பொருள்.

அதற்கு முன் 2013 இல் வெளியான ஆய்வு 176 குழந்தைகளைப் பற்றியது. ஒரு பிரிவினரின் குடும்பங்களுக்கு அடைக்கப்பட்ட குடிநீர் வழங்கப்பட்டது; மற்றவர் நகராட்சிக் குழாய் நீரையே குடித்தனர். இரு பிரிவுகளிலும் தொற்று ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தது. குடிக்கும் நீர் தூய்மையாக இருந்தபோதும், பாத்திரம் கழுவிய நீரும், தரையில் தவழ்ந்த கைகளும், உடன்பிறந்தோரும், ஈக்களும் இருந்த இடத்திலேயே இருந்தனர். வெளிவந்த கணத்திலேயே தொற்றக்கூடிய ஊசிஸ்ட்டுக்கு இவற்றில் எந்த வழியும் போதுமானது. மலம் கழித்த பின்னும் குழந்தையைக் கழுவிய பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுவது ஊசிஸ்ட்டைக் கொல்லாது. கையிலிருந்து உரித்து நீரோடு ஓடச் செய்கிறது. ஆல்ககால் கலந்த கைத்தூய்மிப்பான் அதையும் செய்வதில்லை.